நாற்பத்தைந்தாவது மாடியில் நைனா

தண்டையார்பேட்டையில் பழைய மில் இருந்த இடத்தில் இப்போது நாற்பத்தைந்து மாடிக் கட்டடம் ஒன்று நிற்கிறது. அதன் விற்பனை ஆபீஸில் ரிசப்ஷனிஸ்ட் நான். வீடு பார்க்க வருகிறவர்களைச் சிரித்து வரவேற்று, காபி கொடுத்து, லிப்டில் ஏற்றி மொட்டைமாடிக்கு அழைத்துப்போவது என் வேலை. மொட்டைமாடி என்று சொல்லிவிடக் கூடாது, ஸ்கை டெக் என்று சொல்ல வேண்டும். சுற்றிலும் ஆள் உயரக் கண்ணாடித் தடுப்பு, தரையில் புல் மாதிரி ஒரு பச்சை விரிப்பு, உட்கார வெள்ளை நாற்காலிகள். வந்தவர்களைக் கிழக்கு மூலையில் நிறுத்தி, "சீ வியூ பாருங்க மேடம்" என்பேன். வடக்கே திரும்பினால் மணலி ரிபைனரியில் எரிகிற தீயும் எண்ணூர்ச் சிம்னிகளும் தெரியும். அந்தப் பக்கம் யாரையும் ரொம்ப நேரம் நிற்க விடக் கூடாது என்பது மேனேஜர் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருந்த பாடம்.

நானே அந்த வடக்குப் பக்கத்துக்காரிதான். திருவொற்றியூரில் கடலோரக் குப்பம். ஆபீஸில் யாருக்கும் இதைச் சொன்னதில்லை. எந்த ஏரியா என்று கேட்டால், "டோல்கேட் கிட்ட" என்பேன். கிட்ட என்பதற்கு அளவு என்ன இருக்கிறது? ஆபீஸில் நான் பேசிய தமிழும் வேறு. டிவியில் செய்தி வாசிக்கிற பெண்களைப் பார்த்துப் பார்த்துப் பழகியது. சாயங்காலம் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது அதையும் கழற்றிப் போட்டுவிட்டுத்தான் உள்ளே போவேன்.

கட்டட வேலை முடிந்த புதிதில், ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊழியர்கள் தங்கள் குடும்பத்தை அழைத்துவந்து டெக்கைக் காட்டலாம் என்றார்கள். அம்மா மீன் கூடையை விட்டு வரமாட்டாள். "உங்க நைனாவ கூட்டினு போ. அந்தக் கட்டடத்த தெனம் கடல்லேந்து பாத்துக்கினு கீறாரு. ஒரு தபா மேல ஏறித்தான் பாக்கட்டுமே" என்றாள். நைனா என்றால் எங்கள் பக்கத்தில் அப்பா. அன்று விடியற்காலை கடலிலிருந்து வந்தவர், தூங்காமல், குளித்துவிட்டு வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு ஒன்பது மணிக்கே தயாராக உட்கார்ந்திருந்தார். சந்தோஷமாக அவரை உடனே கூட்டிப்போனேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. உண்மை அப்படியில்லை. தலைவலிக்கிறது என்று சாக்குச் சொல்லி, டெக்கில் கூட்டம் குறைந்திருக்கும் என்று மத்தியானம் வரைக்கும் அவரைக் காக்கவைத்து, பிறகுதான் கிளம்பினேன்.

நாற்பது வருஷமாக அலையில் நிற்கிற மனிதர் லிப்டில் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். காது அடைக்கிறது என்று சைகை காட்டினார். மேலே கதவு திறந்ததும் நேராகக் கண்ணாடியிடம் போனார். நெற்றியை அதில் ஒட்டவைத்துக் கீழே பார்த்தார். அப்புறம் பேசினார் பாருங்கள்.

"இன்னாமே இது! கடலு இம்மாந்தூண்டு கீது!"

மீன்பிடிப் போட்டின் மோட்டார் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய தொண்டை அது. அங்கே இருந்த பத்துப் பன்னிரண்டு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அடையாறிலிருந்து வீடு பார்க்க வந்திருந்த ஒரு குடும்பம், என்னோடு வேலை செய்கிற பெண் ஒருத்தி, இஸ்திரி கலையாத சட்டையில் அவளுடைய அப்பா, கூடவே எங்கள் மேனேஜர். எனக்கு முகமெல்லாம் எரிந்தது.

"அப்பா, கொஞ்சம் மெதுவா பேசுங்க" என்றேன்.

நைனா திரும்பித் தனக்குப் பின்னால் பார்த்தார். வேறு யாரையோ சொல்கிறேன் என்று நினைத்துவிட்டார். பின்னால் ஒருத்தரும் இல்லை. மறுபடியும் என்னைப் பார்த்தார். பேசத் தெரிந்த நாளிலிருந்து அவரை நான் நைனா என்றுதான் கூப்பிட்டிருக்கிறேன்; நீ, வா, போ என்றுதான் பேசியிருக்கிறேன். "செரி" என்றார் சின்னக் குரலில். சட்டைக் காலரை ஒரு தரம் சரிசெய்துகொண்டார்.

அதோடு கீழே இறங்கியிருந்தால் அது ஒரு சாதாரண அவமானமாக என்னோடு முடிந்திருக்கும். ஆனால் அடையாறு குடும்பத்தின் சின்னப் பெண் நைனாவிடம் வந்து, "அங்கிள், அந்தக் கப்பலெல்லாம் ஏன் நகரவே மாட்டேங்குது?" என்று கேட்டாள். நைனா என்னைப் பார்த்தார், பேசலாமா என்பது போல. நான் தலையாட்டினேன்.

"அதெல்லாம் நங்கூரம் போட்டு நிக்குது பாப்பா. ஹார்பருக்குள்ள எடம் இல்ல, கூப்ட்டாத்தான் வரணும். அந்தா அந்தக் கறுப்பு, அது நிலக்கரி கப்பல். எண்ணூருக்குப் போவும். தண்ணில எம்மாம் முழுவிக்கீது பாத்தியா? சரக்கு இன்னும் எறக்கல. அந்தச் செவப்பு மேல தூக்கிக்கினு கீது, அது காலி."

சின்னப் பெண்ணின் அம்மா வந்தாள், அப்புறம் அவளுடைய அப்பா வந்தார். தண்ணீரின் நிறம் எங்கே மாறுகிறது, அங்கே ஏன் மாறுகிறது, அனல்மின் நிலையச் சாம்பல் கலந்த தண்ணீர் முகத்துவாரத்திலிருந்து எவ்வளவு தூரம் போகிறது, நாளைக்கு வாடைக் காற்று வருமா வராதா, எல்லாம் சொல்லிக்கொண்டு போனார். யாரும் அசையவில்லை. மேனேஜர் என் காதருகே வந்து, "செமையா பேசுறாருங்க உங்க அப்பா. வீடியோ எடுங்க, நம்ம பேஜ்ல போடலாம்" என்றார்.

அந்த நிமிஷம் எனக்குள் நடந்ததை நினைத்தால் இன்றைக்கும் என்னையே அறைய வேண்டும் போலிருக்கிறது. கால்மணி நேரத்துக்கு முன்னால் எங்கே ஒளித்துவைக்கலாம் என்று பார்த்த மனிதரை, இப்போது ஊருக்கே காட்ட வேண்டும் என்று கை பரபரத்தது. போனை எடுத்தேன்.

நைனா சொன்ன அடுத்த விஷயம் விளங்க வேண்டுமானால் எங்கள் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் அநேகமாக ஒவ்வொரு போட்டுக்கும் கடலில் ஓர் இடம் உண்டு. நைனாவும் சித்தப்பாவும் சேர்ந்து ஓட்டுகிற ஃபைபர் போட்டுக்கும் இருந்தது. எப்போதோ முழுகிப்போன ஒரு பார்ஜ், சரக்கு ஏற்றுகிற தட்டைக் கப்பல்; அதைச் சுற்றி மீன் அடையும். நாலு நாள் வலை வெறுமையாக வந்தால் ஐந்தாம் நாள் அங்கே போவார்கள், வீட்டில் அடுப்பு எரியும். நான் காலேஜ் படித்ததே அந்த பார்ஜின் புண்ணியத்தில்தான். கடல்மேல் அந்த இடத்தைக் கண்டுபிடிக்கக் கரையில் இருப்பவைதான் அடையாளம். கரையில் ஒரு பக்கம் இரண்டு பொருள் ஒன்றன்பின் ஒன்றாக நேர்கோட்டில் வர வேண்டும், இன்னொரு பக்கமும் அப்படியே வர வேண்டும். இரண்டும் ஒரே நேரத்தில் கூடி வருகிற இடத்தில் நங்கூரம் போட்டால் கீழே பார்ஜ். ஜி.பி.எஸ். மிஷின் வந்த பிறகும் நைனா அந்த இடத்தை அதில் ஏற்றவில்லை. மிஷின் ரிப்பேருக்குப் போகும், நாலு கை மாறும். அடையாளம் தலைக்குள்ளேயே இருக்கட்டும் என்பார். அதை அண்ணன் தம்பிக்குச் சொல்லலாம், தகப்பன் மகனுக்குச் சொல்லலாம். பெண்பிள்ளைக்குச் சொல்வதில்லை. அவள் கல்யாணமாகி வேறு குப்பத்துக்குப் போனால் இடமும் அவளோடு போய்விடும். முப்பது வருஷம் குடும்பம் நடத்திய அம்மாவுக்கே தெரியாது. எனக்கு அண்ணனோ தம்பியோ கிடையாது.

கும்பல் கலைந்து காபி குடிக்கப் போனது. நைனா என் முழங்கையைப் பிடித்து வடகிழக்கு மூலைக்குக் கூட்டிப்போனார். என் போன் பதிவு செய்துகொண்டே இருந்தது. யாரும் கேட்காமலேயே குரலை அடியோடு தாழ்த்தினார்.

"நம்ம எடம் எங்க கீதுன்னு உனக்குக் காட்டறேன். காசிமேட்டுல கல்லு கொட்டி வெச்சிக்கீதே, அது மூலையில லைட்டு கம்பம் தெரியுதா? கடல்லேந்து பாத்தா அந்தக் கம்பத்துக்கு நேர் பின்னால இந்தக் கட்டடம் நிக்கணும். மின்ன இங்க இருந்த மில்லு சிம்னிய வெச்சிப் பாத்துக்கினு இருந்தோம். அத்த இடிச்சாங்களா, ரெண்டு வருசம் குருடன் மாதிரி தடவினோம். அப்பால உன் கட்டடம் எழும்பிச்சி."

சொல்லிவிட்டுச் சிரித்தார். மகள் வேலை செய்கிற கட்டடமே தன் அடையாளமாக அமைந்ததில் அவருக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

"இந்தாண்ட எண்ணூரு பக்கம், அந்த ரெண்டு சிம்னியும் ஒண்ணுக்குப் பின்னாடி ஒண்ணு மறைஞ்சி ஒத்தச் சிம்னியாத் தெரியணும். ரெண்டும் கூடிச்சா? அங்க போடு நங்கூரத்த."

மேலே காற்று பலமாக இருந்தது. அவர் குரல் போனில் பதிவாகியிருக்காது என்று தோன்றியது. பக்கத்தில் அந்த ஆபீஸ் பெண் வேறு நின்றுகொண்டிருந்தாள்.

"அப்பா, இன்னொரு தடவை சொல்லுங்க. சரியா கேக்கலை."

நான் கற்றுக்கொள்ளக் கேட்கிறேன் என்று நினைத்துவிட்டார். முகம் மலர்ந்துவிட்டது. இந்த முறை நிறுத்தி நிதானமாக, விரலை நீட்டி ஒவ்வொன்றாகக் காட்டி, முதலிலிருந்து சொன்னார். முடித்ததும் என் கையைப் பார்த்தார். "போன்ல வெச்சிக்கினியா? செரி. பத்திரமா வெச்சிக்க" என்றார்.

பத்திரமா வெச்சிக்க என்று சொன்னார். எனக்குத் தெரியாது, யாரும் எச்சரிக்கவில்லை என்று நான் சொல்லித் தப்பிக்க ஒரு வழியும் இல்லை.

மறுநாள் மேனேஜர் நான் எடுத்ததையெல்லாம் பார்த்தார். கப்பல் பற்றிப் பேசியது நீளம் என்றார். கடைசித் துண்டு மட்டும் போதும் என்றார். "ஏதோ ரகசியம் சொல்ற மாதிரி இருக்கு பாருங்க, அதுதான் அழகு. கட்டடமும் அதுல வருது." ஆபீஸின் ஆன்லைன் பேஜில் வீடியோ ஏற்றுவது என் பொறுப்பு. விரல் ஒரு கணம் நின்றது. ஃபிளாட் விளம்பரம் பார்க்கிறவன் எவன் கடலுக்குப் போகப்போகிறான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு அழுத்தினேன். சாயங்காலத்துக்குள் ஆபீஸில் ஆளாளுக்கு வந்து பாராட்டினார்கள். அன்றைக்கு ராத்திரி சந்தோஷமாகத் தூங்கினேன், வெட்கங்கெட்டவள்.

எங்கள் குப்பத்துப் பையன்கள் கையில் போன் இல்லாதவன் யார்? நாலாம் நாள் நைனாவும் சித்தப்பாவும் இடத்துக்குப் போனபோது அங்கே பதினொரு போட்டு நின்றிருந்தது. எங்கள் குப்பத்துக்காரர்கள், காசிமேட்டுக்காரர்கள், யாரென்றே தெரியாத சிலர். அடுத்த வாரம் சுருக்குமடி வலை கொண்டுவந்து வளைத்து வாரிக்கொண்டு போனார்கள். அதில் மீன் பிடிக்கக் கூடாது என்று தடை போட்ட வலை, யார் கேட்கிறது? ஒரே மாதத்தில் அந்த இடம் துடைத்துவிட்ட சட்டி மாதிரி ஆகிவிட்டது. கடைசியாகப் போட்ட எங்கள் வலையும் பார்ஜில் மாட்டிக் கிழிந்து வந்தது.

பதினொரு போட்டைப் பார்த்துவிட்டு வந்த அன்றைக்கே சித்தப்பா எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்று கத்தினார். தெருவே கூடிவிட்டது.

"அண்ணே, நம்மள பெத்த நைனா சாவற வரிக்கும் வாயத் தொறக்கல. நீ மாடி மேல ஏறி நின்னுக்கினு ஊருக்கே சொல்லிக் குடுக்கறியா? எவன்ட்ட சொன்ன? எவன் எடுத்தான் அத்த?"

நான் வேலைக்குக் கிளம்பி, கழுத்தில் ஐடி கார்டோடு வாசற்படியில் நின்றிருந்தேன். நைனா என் பக்கம் திரும்பவே இல்லை.

"எவனோ எடுத்துட்டான். கும்பலு ஜாஸ்தியா இருந்துச்சி, நான் பாக்கல. கட்டடத்த பாத்த குஷியில வாய வுட்டுட்டேன். தப்பு என்னுதுதான்."

சித்தப்பா என்னை ஒரு தரம் பார்த்தார். நான்தான் என்று சொல்ல அந்த நேரம் போதும். இரண்டே வார்த்தை. நான் தண்ணீர் குடிக்கப் போகிறவள் மாதிரி உள்ளே போனேன். அடுப்படியில் நின்றுகொண்டு சொம்பில் தண்ணீர் மொண்டு, மறுபடியும் பானையிலேயே ஊற்றினேன். அம்மா பின்னாலேயே வந்து, "நேரமாச்சி, கெளம்பு" என்று மட்டும் சொன்னாள். கிளம்பிவிட்டேன். ஆபீஸுக்குப் போனதும் அந்த வீடியோவை எடுத்துவிட்டேன். அதற்குள் அது எங்கெங்கோ போய்விட்டிருந்தது.

அதற்கப்புறம் மூன்று மாதம் அண்ணனும் தம்பியும் ஒரே போட்டில் பேசாமல் போய்வந்தார்கள். இரண்டே பேர் போகிற போட்டில் பேசாமல் எப்படி வலை இழுப்பார்கள் என்று நான் கேட்டதில்லை. பிறகு முட்டி வலிக்கிறது என்று நைனா கரையிலேயே தங்கிவிட்டார். சித்தப்பா தன் மச்சானைச் சேர்த்துக்கொண்டார். நைனா மற்றவர்களுடைய கிழிந்த வலையைத் தைக்க உட்கார்ந்தார். போகிற வருகிற சின்னப் பையன்கள்கூட, "இன்னா பெருசு, வேற எடம் எதுனா கீதா? போன்ல சொல்லேன்" என்று கேலி பேசுவார்கள். அவர் ஊசியை விட்டுத் தலை தூக்கமாட்டார். நான் பக்கத்திலேயே நடந்து போவேன். எல்லாருடனும் சிரித்துப் பேசுவேன். யாருக்கும் தெரியாது என்ற தைரியம். வேலையை உதறிவிட்டேன் என்று இந்த இடத்தில் எழுத முடிந்தால் நன்றாக இருக்கும். உதறவில்லை. தினமும் பத்து பேரை லிப்டில் ஏற்றிக்கொண்டு போய் அதே மூலையில் நிறுத்தி, சீ வியூ பாருங்க மேடம் என்று சொல்லிக்கொண்டுதான் இருந்தேன்.

எட்டாவது மாதம் மேனேஜர் கூப்பிட்டார். பக்கத்தில் இரண்டாவது கட்டடம் வருகிறதாம். "உங்க அப்பாவை இன்னொரு தரம் கூட்டிட்டு வாங்க. போன தடவை மாதிரியே ஏதாவது ரகசியமா சொல்லச் சொல்லுங்க. நல்ல சட்டை நாமளே வாங்கிக் குடுத்துடலாம்."

உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டு அப்படியே வெளியே வந்தேன். வீட்டுக்குப் போகாமல் நேரே கடற்கரைக்குப் போனேன். சித்தப்பா கரையேற்றிய போட்டிலிருந்து தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தார். ஐடி கார்டைக்கூடக் கழற்றவில்லை நான்.

"சித்தப்பா, அந்த வீடியோ எடுத்தது நான்தான்."

அவர் இறைப்பதை நிறுத்தவில்லை. "தெரியும்" என்றார்.

"யாரு சொன்னது?"

"யாரு சொல்லணும்? உன் கொரலு அதுல கீதே. அப்பா, இன்னொரு தடவ சொல்லுங்கன்னு. தொட்டில்ல கெடந்தப்பலேந்து நான் கேக்கற கொரலு. அப்பான்னு கூப்ட்டா வேற பொண்ணா ஆயிடுவியா நீ? எனக்கு மட்டுமில்ல, குப்பத்துக்கே தெரியும். டீக்கடையில அந்த எடத்த மட்டும் திருப்பித் திருப்பி வெச்சிக் கேட்டானுங்க."

அந்த வீடியோவை நானும் நூறு தடவை பார்த்திருப்பேன். அதில் இருந்த குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. அதனால் ஊருக்கும் அந்நியமாகத்தான் இருக்கும் என்று நம்பியிருந்தேன்.

"அப்ப ஏன் சித்தப்பா என்ன ஒரு வார்த்த கேக்கல?"

அவர் வாளியைக் கீழே வைத்தார். "எங்கண்ணன் நடுத்தெருவுல நின்னுக்கினு எவனோ எடுத்தான்னு சொன்னாரு. அவுரு வாயில பொய் வந்து நான் பாத்ததில்ல. அத்தப் பொய்யின்னு நான் எல்லார் எதிர்லயும் சொல்லணுமா? அவுரு உன்ன வுட்டுக் குடுக்கல. நான் எப்பிடி அவர வுட்டுக் குடுக்கறது? அவருகிட்ட பேசாம கீறது வேற விசயம். கோவம் கோவந்தான்."

அங்கிருந்து வீட்டுக்கு நூறு அடி இருக்கும். குழாயடியில் பெண்கள் நின்றிருந்தார்கள். எட்டு மாதமாக அவர்களைத் தாண்டி எத்தனை தடவை தலை நிமிர்ந்து நடந்திருப்பேன், எத்தனை பேரிடம் நின்று கதை பேசியிருப்பேன். எல்லாம் தெரிந்துதான் என்னோடு சிரித்திருக்கிறார்கள். காலுக்குக் கீழே மணல் நழுவினால் தேவலை என்று இருந்தது.

நைனா வாசலில் யாருடையதோ நீல வலையைக் கால் கட்டைவிரலில் மாட்டி இழுத்து வைத்துக்கொண்டு தைத்துக்கொண்டிருந்தார். எதிரே போய் உட்கார்ந்தேன்.

"சித்தப்பாகிட்ட சொல்ட்டேன் நைனா."

"இன்னாத்துக்கு? அவனுக்குத்தான் தெரியுமே."

"குப்பத்துக்கே தெரியும்னு உனக்குத் தெரியுமா?"

"ம்."

"அப்பறம் ஏன் அப்பிடி சொன்ன?"

"நான் சொல்ட்டா பேச்சு என்னோட நின்னுடும். எனக்கு இன்னா, கெழவன். நீ நாலு எடத்துக்குப் போய் வர்ற பொண்ணு."

அழுதேன். மன்னிச்சிடு நைனா என்றேன். கை காட்டி நிறுத்தினார். அறுந்த கண்ணி ஒன்றை முடிந்து, நூலைப் பல்லால் கடித்துத் துண்டித்தார். அடுத்த கண்ணிக்குப் போகாமல் ஊசியைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

"எடம் போனா போவுது. கடல்ல எடமா இல்ல? ஒண்ணு மட்டும் கேக்கணும்னு இருந்தேன். அன்னிக்கு மேல வெச்சி என்ன ஏன் அப்பான்னு கூப்ட்ட?"

அந்தக் குரலில் கோபம் இல்லை. குத்திக்காட்டவும் இல்லை. நிஜமாகவே விளங்காமல்தான் கேட்டார். எட்டு மாதமாக அதைத்தான் யோசித்துக்கொண்டு இருந்திருக்கிறார்.

பதில் என்னிடம் இருந்தது. வலையின் மறுமுனையை எடுத்து அவருக்காக இழுத்துப் பிடித்துக்கொண்டேன். அவர் இன்னொரு தடவை கேட்கவில்லை.